நான்காம் பக்கத்துக் கறை

எங்கள் வீட்டு லேசர் பிரிண்டரைச் சுத்தம் செய்யப் போய் நான் விளைவித்த சேதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பூஜை அறையில் பிள்ளையாரின் மூஞ்சூறுக்கு மீசை முளைத்தது. சுவரில் இருந்த பல்லி கறுத்துப்போய், அதன் குடும்பமே மூன்று நாள் அதனோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு வெள்ளைப் பூனை எங்கள் ஹாலைக் கடந்துபோய் வேறொரு பூனையாக வெளியே வந்தது. அதன் சொந்தக்காரி இன்னும் மாடிப்படியில் நின்று பழைய பூனையைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

பூனையை விட்டுவிடுங்கள். பல்லியையும். மூஞ்சூறு மட்டும் உண்மை. எழுபத்தைந்து வயதில் எது உண்மை என்று தனியாகப் பிரித்துக் காட்டவேண்டிய நிலைமைக்கு நான் வந்ததற்குக் காரணம் நாகையா. இல்லை, நாகையா இல்லை. நான்தான். பாருங்கள், இப்போதும் அவர் தலையில் போடத்தான் வாய் போகிறது.

நாகையா கிள்ளானில் காலமானார். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் கேரித் தீவு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அவர் லோரி டிரைவர், நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. இரண்டு பேருக்கும் ஒரே வயது. அப்படியிருந்தும் கடைசிவரை அவர் என்னை ‘ஐயா’ என்றார், நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தோட்டத்தை விட்டு வந்து நான் பிரிக்பீல்ட்ஸிலும் அவர் கிள்ளானிலும் குடியேறி, இருவருக்கும் தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருடைய பிறப்பு வளர்ப்பு எல்லாவற்றையும் எழுதிச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர், ஆனால் எட்டுப் பக்கத் தாள்தான். பிரிக்பீல்ட்ஸில் இருபது வருடங்களாக அதை எழுதித் தருகிறவன் நான். ஆள் உயிரோடிருந்தபோது எப்படி இருந்தாலும் சரி, நான்காம் பக்கத்தில் நல்லவராகிவிடுவார். அப்படி ஒரு கைராசி.

சவ அடக்கத்தன்று நாகையாவின் மனைவி நல்லம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஐயா, உங்க ஆளுங்கள்ல ஒரு புக்கு போடுவாங்களே. எங்க ஆளுங்கள்ல அதெல்லாம் இல்ல. இருந்தாலும் இவருக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க. பதினாறாம் நாளு வர்றவங்க கையில குடுக்கணும்.”

“அதுக்கென்ன நல்லம்மா, போட்டுட்டாப் போச்சு.”

“உள்ளத எழுதுங்க ஐயா,” என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்தவர், அதைச் சொல்லும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

உள்ளது என்னவென்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு. கடைசி பிளாக்கில் வெட்டிப் போட்டிருந்த செம்பனைக் குலைகளை எண்ணுவதற்காக நாகையாவின் லோரியில் போனேன். பாரிட் என்று நாங்கள் சொல்லும் வாய்க்கால் ஓரத்தில் கால் வழுக்கி உள்ளே விழுந்தேன். தண்ணீரில் விழவில்லை. ஒரு பியாவாக்கின் மேல் விழுந்தேன். மலாய் மொழியில் உடும்புக்கு அதுதான் பெயர். நாலரை அடி இருக்கும். நாகையா ஓடிவந்து என்னை இழுத்து மேலே போட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் ஓடி லோரியின் கூரை மேல் ஏறிக்கொண்டேன். பின்னால் நின்ற நாகையாவின் கெண்டைக்காலைப் பியாவாக் கவ்வியது. அவர் கையில் கிடைத்த மட்டையால் அடித்துக் காலை விடுவித்துக்கொண்டார். அந்த நேரத்தில் நானும் சும்மா இருக்கவில்லை. கூரை மேலிருந்து, “அடி நாகையா, அடி,” என்று உற்சாகம் கொடுத்தேன்.

உடும்பு போய் அரை மணி நேரமாகியும் நான் இறங்கவில்லை. காலில் துண்டைக் கட்டிக்கொண்டு, “எறங்குங்க ஐயா, அது போயிடுச்சி,” என்று அவர்தான் கெஞ்சினார்.

அவர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கட்டுப் போடப் போனார். நான் ஆபீசுக்குப் போனேன். முந்திக்கொண்டவன் கதைதான் கதை. பெயர்களை மட்டும் இடம் மாற்றினேன், வேறெதையும் தொடவில்லை. நாகையா கட்டுப் போட்டுத் திரும்பி வருவதற்குள், அவர் லோரிக் கூரையில் ஏறி அழுததையும், கிராணி ஐயா மட்டையெடுத்துக் காப்பாற்றியதையும், கூரையிலிருந்து சறுக்கி அவர் காலைக் கிழித்துக்கொண்டதையும் தொழிலாளர் லயத்துக் கோழிகள்கூடத் தெரிந்து வைத்திருந்தன. நாகையா என் முகத்தைப் பார்த்தார். நான் கிராணி. அவர் லோரி டிரைவர். தோட்டத்தில் எது எடுபடும் என்று அவருக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவர் பெயர் பியாவாக் நாகையா. மகள் மலர்விழி பிறந்து பள்ளிக்கூடம் போனபோது அவள் பியாவாக் மகள். நான்காம் வகுப்பில் ஒருநாள், இனிமேல் பள்ளிக்கு அப்பா வரவேண்டாம், அம்மா வந்தால் போதும் என்று சொன்னாளாம். இதை நாகையா எனக்கு ஒரு வேடிக்கை போலச் சொன்னார். நானும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டேன்.

மலர்விழியின் கல்யாணத்தில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். அதற்குள் உடும்பு ஒன்பது அடியாகி, மூன்றாகி, லோரியைச் சுற்றி ராத்திரி முழுக்கக் காவல் இருந்தன. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது, மாப்பிள்ளை வீட்டாரும்தான். மேடையில் பெண் தலையைக் குனிந்தது வெட்கத்தால் என்று நினைத்தேன். பெண்ணின் அப்பா எழுந்து வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நாகையா பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். காப்பி குடித்துக் கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் பேசினார்.

“ஐயா, நான் போறதுக்கு முன்ன ஒருக்கா மாத்திச் சொல்லிடுங்க. ஊருக்கெல்லாம் வேணாம். மலரு முன்னால சொன்னாப் போதும்.”

“தீபாவளிக்கு வரேன் நாகையா. சொல்றேன்.”

போனேன். பதினெட்டுத் தீபாவளி போனேன். ஒவ்வொரு முறையும் நான் உட்கார்ந்தவுடன் யாராவது ஒருவர், “அங்கிள், பியாவாக் கதை,” என்பார். வாய் தானாகப் பழைய தடத்தில் ஓடும். நாகையா முறுக்குத் தட்டோடு வந்து நின்று எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். வாசல்வரை வந்து வழியனுப்புவார். ஒரு முறைகூட நினைவுபடுத்தவில்லை.

இப்போது ஆள் இல்லை. பதினாறாம் நாளுக்குள் எழுத வேண்டும். எழுதினேன். ‘அன்று உடும்புக்குப் பயந்து லோரிக் கூரையில் ஏறிக்கொண்டவர் நாகையா அல்லர், விநாயகமூர்த்தி’ என்று நான்காம் பக்கத்தில் என் பெயரையே போட்டேன். அந்த ஒரு வரி எழுத இரண்டு நாளாயிற்று. மீதி ஏழு பக்கமும் ஒரு காலையில் முடிந்தன.

எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே லோகன் போட்டோகாப்பி கடை வைத்திருக்கிறான். வழக்கமாக அவனிடம்தான் அச்சடிப்பேன். ஆனால் தன் மெஷினிலிருந்து வரும் ஒவ்வொரு தாளையும் அவன் சத்தமாகப் படிப்பான். அதற்குப் பயந்துதான், என் மகன் வீடு மாறிப் போனபோது விட்டுப்போன பழைய பிரிண்டரை அலமாரிக்கு மேலிருந்து இறக்கினேன். பயந்து மேலே ஏறத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பயந்து இறக்கவும் தெரிந்தது.

முதல் தாள் மங்கலாக வந்தது. தோட்டத்து ஆபீஸில் சைக்ளோஸ்டைல் மெஷின் மக்கர் செய்தால் மைக் குழாயைக் கழற்றி மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவோம், சரியாகிவிடும். இதிலும் டோனர் டப்பாவைக் கழற்றி மேசை விளிம்பில் இரண்டு தட்டினேன்.

அவ்வளவு கறுப்பு அவ்வளவு சின்ன டப்பாவில் எப்படி இருந்தது என்பது இன்னும் விளங்கவில்லை. மெஷின் உள்ளே பாதி, மேசையில் பாதி. வீடு கூட்டும் வேக்கூம் கிளீனரை எடுத்து உறிஞ்சினேன். அது முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் ஊதியது. பின்னால் இருந்தது பூஜை அறை.

என் மனைவி குணபூசணி சமையலறையிலிருந்து வந்து, கறுத்துப்போன திருநீற்றுத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இஞ்ச பாருங்கோ, சாமிக்கு முகம் கழுவுறது யார்?”

“நானே கழுவுறேன்.”

“வேணாம். நீங்க கழுவினா மூக்கே போயிடும்.”

சுடுதண்ணீரில் துணியை முக்கி மெஷின் உள்ளே எட்டிய இடமெல்லாம் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுதண்ணீர்தானே. ஈரத்தோடு விடக்கூடாதென்று குணபூசணியின் ஹேர் டிரையரை எடுத்து உருளைகளுக்கு நன்றாகச் சூடு காட்டினேன். பளபளவென்று காய்ந்தது. ஒரு தாளை ஓட்டிப் பார்த்தேன். மேலிருந்து பதினோராவது வரியில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. இன்னொரு தாள். அதே இடம், அதே கறை.

லோகனிடம் இறங்கிப் போனேன்.

“சுடுதண்ணியா? அங்கிள், அது மை இல்ல லா. பொடி. பிளாஸ்டிக் பொடி. சூடு பட்டா உருகி ஒட்டிக்கும். மெஷினே அப்படித்தான் எழுத்தத் தாள்ல ஒட்டுது.”

“பிறகு எப்படித் துடைக்கிறது?”

“மொதல்ல காஞ்ச துணி. அப்புறம் பச்சத் தண்ணி. கொட்டுன ஒடனே செஞ்சிருந்தா அஞ்சு நிமிஷம், ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. காய வைக்க என்னா செஞ்சீங்க?”

“ஆன்டியோட ஹேர் டிரையர்.”

லோகன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டான். “ரோலருக்கா?”

“நல்லாக் காய்ஞ்சுது.”

“காயும் அங்கிள். திரும்பத் திரும்பச் சூடு காட்டுனா அப்புறம் அது கறை இல்ல, ரோலராவே ஆயிடும். ஸ்பிரிட்டுல பஞ்ச முக்கி மெதுவாத் தேயுங்க, கொஞ்சம் போகும். முழுசாப் போகாது. என்னா பிரிண்ட் பண்றீங்க? குடுங்க, நான் பத்து நிமிஷத்துல போட்டுத் தரேன்.”

“சும்மா, ஒரு கல்வெட்டு.”

“யாருக்கு?”

“கிள்ளான் நாகையாவுக்கு.”

“பியாவாக் நாகையாவா? அடப்பாவமே. போயிட்டாரா? நல்ல மனுசன் அங்கிள். அந்த லோரி மேல ஏறுன கதையப் போடறீங்கல்ல? அதப் போடாம விட்றாதீங்க.”

லோகன் நாகையாவைப் பார்த்ததே இல்லை. ஸ்பிரிட் மட்டும் வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

இரண்டு காலை நேரங்கள் அந்த உருளையோடு உட்கார்ந்தேன். பழைய பேப்பரை விரித்து, முகமூடி கட்டி, மெஷினை ஆறவிட்டு, பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கி, ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்தேன். முதல் பஞ்சு கறுப்பு. பத்தாவது பஞ்சு சாம்பல். முப்பதாவது பஞ்சு ஏறக்குறைய வெள்ளை. கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவினேன். பச்சைத் தண்ணீரில் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். குழாயில் காட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிவிடுகிறது. ஆபீசுக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே, நாகையா கட்டோடு வந்து நின்றபோதே, “இல்லப்பா, கூரையில ஏறுனது நான்,” என்று சொல்லியிருந்தால் அதுவும் அப்படி ஓடியிருக்கும். நான்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சூடு காட்டினேன்.

கறை சின்னதாயிற்று, போகவில்லை. கட்டைவிரல் அளவு இருந்தது சுண்டுவிரல் அளவாயிற்று. ஒரு தாளுக்கு ஒரு முறை, பதினோராவது வரியின் நடுவில், ஒரு சொல்லை மறைக்கும் அளவுக்கு.

நான்காம் பக்கத்தை ஓட்டினேன். கறை என் பெயரின் மேல் வந்து உட்கார்ந்தது. ‘கூரையில் ஏறிக்கொண்டவர் நாகையா அல்லர்,’ அதற்குப் பிறகு கறுப்பு.

இந்த இடத்தில் பிரிண்டர் மேல் பழி போட எனக்கு நல்ல வசதி இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் வரி கீழே இறங்கும், கறை வெற்றிடத்தில் விழும். மற்ற ஏழு பக்கத்துக்கும் அப்படித்தான் செய்தேன். நான்காம் பக்கத்துக்கும் விரலைப் பொத்தான் மேல் வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது. பிறகு விரலை எடுத்துவிட்டு, அறுபது பிரதி என்று அடித்தேன்.

மடித்து ஸ்டேப்ளர் ஊசி அடித்தது குணபூசணி. மூன்றாவது புத்தகத்தில் நிறுத்தினாள்.

“நாலாம் பக்கத்தில கறை விழுந்திருக்கு.”

“மெஷின் பழசு.”

“ரெண்டு வரி கீழ இறக்கலாமே.”

“இனி எங்க நேரம். நாளைக்குப் பதினாறு.”

அவளுக்கு என்னோடு ஐம்பது வருடப் பழக்கம். மீதி ஐம்பத்தேழையும் என் முகத்தைப் பார்க்காமல் ஊசி அடித்து முடித்தாள்.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து கமூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். காரியமெல்லாம் முடிந்து வாசலில் பந்தலுக்குக் கீழே பந்தி தொடங்கியிருந்தது. ஹாலில் நாகையாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மலர்விழியின் கணவர் குகன் புத்தகத்தை எல்லோர் கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். நான் ஹாலிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோரும் நான்காம் பக்கத்தைத் தாண்டும்வரை வாசல் பந்தலை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

மலர்விழி எதிரே வந்து நின்றாள். இப்போது தமிழ்ப்பள்ளி டீச்சர். கையில் புத்தகம் நான்காம் பக்கத்தில் விரித்தபடி இருந்தது.

“அங்கிள், இங்க யார் பேரு? கறை பட்டிருக்கு.”

பக்கத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். நல்லம்மாள் படத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரும் பார்த்தார்.

“பிரிண்டர் கொஞ்சம்...”

“அது பரவால்ல அங்கிள். யார் பேரு?”

ஐம்பது வருடத்தில் கதை சொல்ல எனக்கு வாய் வராதது அந்த ஒரு முறைதான்.

“என் பேரும்மா,” என்றேன். “ஏறினது நான். உங்க அப்பா கீழ நின்னாரு.”

முதலில் குகன் சிரித்தார்.

“பாத்தீங்களா, மாமா போன பிறகும் அங்கிள் விடல. புதுசா ஒரு கதை.”

“ஆனா இது நல்ல மனசு லா அங்கிள்,” என்றார் இன்னொருவர். “செத்தவருக்காகத் தன் தலையில போட்டுக்கிட்டீங்க பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பழக்கமான சிரிப்பு. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் வாங்கிக்கொண்டு போன அதே சிரிப்பு.

மலர்விழி சிரிக்கவில்லை. “அப்பா கால்ல ஒரு தழும்பு இருந்திச்சே,” என்றாள்.

“பல்லு. உடும்போட பல்லு. என்னை மேல இழுத்துப் போட்டப்ப கவ்வினது.”

“முள்ளுக் கம்பின்னு எங்கிட்ட சொன்னாரு.”

நல்லம்மாள் தரையிலிருந்தபடியே பேசினார். “கல்யாணமான மாசமே எங்கிட்ட சொல்லிட்டாரும்மா. நீ ஐயாவைப் பாத்து மொகத்தத் திருப்பிக்குவேன்னு உங்கிட்ட மட்டும் சொல்லல. ஐயாவே வந்து சொல்வாரு, சொல்வாருன்னு இருந்தாரு.”

மலர்விழி கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள். பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்புப் பேனா.

“எழுதுங்க அங்கிள். கறைக்கு மேல. எல்லாத்துலயும்.”

உயிரோடிருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதக்கூடாது என்று இங்கே சீனர்கள் சொல்வார்கள். “நீலம் இருக்கா?” என்று கேட்டேன்.

“இதுதான் இருக்கு.”

அவள் பிரதியில் எழுதினேன், பிள்ளைகளின் தாளில் டீச்சர் திருத்தம் போடுவதுபோல, கறைக்கு மேலே சின்னதாக, விநாயகமூர்த்தி என்று. அடுத்தது நல்லம்மாளுடையது. மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது பந்தியிலிருந்து கை கழுவி வந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “டேய், அங்கிள் ஆட்டோகிராப் போடறாரு,” என்றார்.

வரிசை நின்றது. நான் பொய் சொல்லவில்லை, வாசல்வரை நின்றது. ஒவ்வொருவராகப் புத்தகத்தை நீட்டினார்கள். ஒருவர், “அன்புடன்னு போடுங்க அங்கிள்,” என்றார். இன்னொருவர் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார். நான்காம் பக்கத்திலேயே ஏன் கையெழுத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. மலர்விழி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தாள். நாகையாவின் படத்துக்கு முன்னால் வைத்திருந்த பிரதியையும் எடுத்துக் கொடுத்தாள். அதில் எழுதும்போது மட்டும் ‘நாகையா அண்ணே’ என்று ஓரத்தில் சேர்த்தேன். படித்தாளா என்று தெரியாது. எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். நாங்கள் புறப்படும்போது, “ஆன்டியைப் பாத்துக் கூட்டிக்கிட்டுப் போங்க,” என்று மட்டும் சொன்னாள். அடுத்த தீபாவளிக்கு வரச் சொல்லவில்லை.

ஐம்பத்தெட்டுப் பிரதிக்கு எழுதினேன். மீதி இரண்டை, வரிசை நிற்பதற்கு முன்னமே சாப்பிட்டுப் புறப்பட்டவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ஒருவர் செராஸ், ஒருவர் ஷா ஆலம் என்று குகனிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு சிவப்புப் பேனா வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் செராஸுக்குப் போனேன். தம்புசாமி என்று பெயர், நாகையாவோடு பின்னாளில் லோரி ஓட்டியவர். புத்தகத்தை டெலிவிஷனுக்கு மேலே வைத்திருந்தார். எடுத்து எழுதிக் கொடுத்தேன். நடந்ததை நடந்தபடியே, நாலரை அடி உடும்பு ஒன்றே ஒன்றை வைத்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தேநீர் ஊற்றினார்.

“இது அவ்ளோ நல்லா இல்ல பாஸ்,” என்றார். “அந்தப் பழசச் சொல்லுங்க.”

நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். ஷா ஆலம் இன்னும் பாக்கி.